வளைந்தவளின் நடு எழுத்து

சொற்கள் வேலை தேடி ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு புது நகரம் எழும்புவதாகச் செய்தி வந்தது.

நகரத்தின் பெயர் எஸ்பெராந்தோ. நம்பிக்கையோடு இருக்கிறவர் என்று அதற்குப் பொருள். ஒருவர் பேசுவது ஒருவருக்குப் புரியாமல் சண்டை போட்டு அலுத்துப்போன பல தேசத்து ஜனங்கள், இனி எல்லாரும் ஒரே பேச்சில் பேசிக்கொள்ளலாம் என்று வந்து அதைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஊருக்குக் கல் வேண்டும், பேச்சுக்குச் சொல் வேண்டும். அதனால் வாசலில் ஒரு பக்கம் கொத்தனார்களும் இன்னொரு பக்கம் சொற்களும் வரிசையில் நின்றார்கள்.

அந்த வரிசையில் குர்வாவும் நின்றாள்.

நின்றாள் என்று சொல்வது சரியில்லை. அவளுக்கு நிற்க வராது. வளைந்தது என்பது அவள் பொருள். வில்லையும் அரிவாளையும் ஆறு திரும்பும் இடத்தையும் பார்க்கிறபோது ஜனங்களின் வாயில் வருகிறவள் அவள். ஒரு காலை ஊன்றினால் இடுப்பு ஒரு பக்கம் போகும். இடுப்பை இழுத்து வைத்தால் கழுத்து ஒரு பக்கம் சாயும். வரிசை நகராவிட்டால் பதறினாள். நகர்ந்தபோது இன்னும் பதறினாள்.

அவள் பிறந்த வீடு லத்தீன். ஒரு காலத்தில் ஓகோவென்று இருந்த வீடு. அது உடைந்தபோது பிள்ளைகள் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். குர்வா இத்தாலிக்காரர்களின் வாயில் கொஞ்ச நாள், ஸ்பெயின்காரர்களின் வாயில் கொஞ்ச நாள் என்று பிழைத்தாள். எல்லா இடத்திலும் வேலை இருந்தது. என் இடம் என்று சொல்லிக்கொள்ளத்தான் எதுவும் இல்லை. இங்கேயாவது உட்கார ஓர் இடம் கிடைக்காதா என்று வந்திருந்தாள்.

வாசலில் விதி உட்கார்ந்திருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, மடிப்புக் கலையாத முகம். யாருக்கும் சலுகை கிடையாது, யாருக்கும் அநியாயமும் கிடையாது என்பது அவர் பெருமை. உள்ளே போகிற ஒவ்வொரு சொல்லும் தன் பழைய வாலைக் கழற்றிவிட்டு, அவர் கொடுக்கிற வாலை ஒட்டிக்கொள்ள வேண்டும். பொருளுக்கு ‘ஓ’, குணத்துக்கு ‘ஆ’, செயலுக்கு ‘இ’. ராஜாவானாலும் சரி, மண்வெட்டியானாலும் சரி.

“பேரு?”

“குர்வாங்க.”

“பொருளா, குணமா?”

“குணம்ங்க. வளைஞ்ச குணம்.”

விதியின் முகத்தில் ஒரு சின்ன சந்தோஷம். “வால் ஏற்கனவே ‘ஆ’வா இருக்கே! எனக்கு ஒட்டுற வேலை மிச்சம். பொறந்த வீட்டிலயே நல்லா வளர்த்திருக்காங்க.”

குர்வாவுக்கு மூச்சு வந்தது. அதற்குள் விதி நிமிர்ந்து பார்த்தார்.

“இரும்மா. வளைஞ்சதுன்னா என்ன? நேரா இல்லாததுதானே?”

“அது வந்துங்க…”

“மல்! டேய் மல்! இங்க வாடா.”

மல் ஓடி வந்தான். குள்ளமாக, சுறுசுறுப்பாக, வியர்த்துப்போய் இருந்தான். அவனுக்கென்று சொந்த வேலை எதுவும் கிடையாது. ஏதாவது ஒரு சொல்லின் நெற்றியில் ஏறி உட்காருவான். உடனே அந்தச் சொல்லின் பொருள் தலைகீழாகிவிடும். அந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டு நகரத்திலேயே அதிகம் வேலை பார்ப்பவனாக ஆகிவிட்டான்.

“லோங்கான்னா நீளம்மா,” என்று ஒப்பித்தான் மல். “நான் ஏறி உட்கார்ந்தா மல்லோங்கா. குட்டைன்னு அர்த்தம். ‘போனா’ன்னா நல்லது. நான் ஏறினா மல்போனா, கெட்டது. யூனான்னா இளசு. நான் ஏறினா மல்யூனா, கிழடு. ஜனங்க மனப்பாடம் பண்ற சுமையில பாதியை நான் ஒருத்தன் தூக்கிட்டேன். உள்ள ரெக்தான்னு ஒரு அம்மா இருக்காங்க. நேர்னு அர்த்தம். நான் அவங்க நெத்தியில ஏறினா மல்ரெக்தா. நேர் இல்லாதது. கதை முடிஞ்சுது. இதுல நீங்க எதுக்கு?”

“ரெக்தாவா? எங்க வீட்டு ரெக்தாவா?”

சத்தம் கேட்டு ரெக்தாவே வெளியே வந்தாள். அதே நிமிர்ந்த கழுத்து, வகிடு எடுத்த தலை. இரண்டு பேரும் லத்தீன் வீட்டில் ஒரே பாயில் தூங்கினவர்கள்.

“அக்கா!” என்று ஓடிவந்து கையைப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. கையை விடவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

“பாருடி,” என்றாள் குர்வா. “உன் நெத்தியில இவனை உட்கார வெச்சு அதுக்கு என் பேரைச் சொல்றாங்க. ஒடிஞ்ச குச்சியும் நேரா இல்லை. கசங்கின துணியும் நேரா இல்லை. குடிச்சவன் நடக்கிறதும் நேரா இல்லை. அதெல்லாம் நானா?”

“ஐயா, எங்க அக்கா சொல்றதுலயும்…” என்று ரெக்தா ஆரம்பித்தாள்.

“நகரம் சின்னது,” என்றார் விதி. “ஜனங்களோட தலை அதைவிடச் சின்னது. ஒரு சொல்லுல முடியற காரியத்துக்கு ரெண்டு சொல்லுக்கு நான் இடம் குடுக்க முடியாது. மதிலுக்கு வெளியே உட்காரும்மா. தேவைப்பட்டா கூப்பிடறேன்.”

“கூப்பிட மாட்டாரு,” என்று மல் அவள் காதருகே சொன்னான். “சும்மா மரியாதைக்குச் சொல்றாரு.”

மதிலுக்கு வெளியே, உள்ளே விடாத சொற்களின் கூட்டமே இருந்தது. குட்டை என்று பொருள்படும் ஒருவன், கெட்டது என்று பொருள்படும் ஒருவன், இன்னும் பலர். குட்டைக்காரன் காலை நீட்டிப் படுத்திருந்தான். நீட்டியும் பெரிதாக ஒன்றும் நீளவில்லை.

“வாங்கம்மா. உங்களை யார் இல்லைன்னு சொல்லிட்டாங்க?”

“நேர் இல்லாதவளாம்.”

“நான் நீளம் இல்லாதவனாம். லோங்கா எங்க இல்லையோ அங்க நான் இருக்கேனாம். நான் இருக்கிறதாலதான் நான் இருக்கேன்னு சொன்னா யாருக்கும் ஏறலை.” அவன் தலையைத் தூக்கினான். “இதுக்கே அழறீங்களே, உள்ள அம்மாங்கிற பொருளுக்கே தனிப் பேரு கிடையாது. அப்பா பேருக்குப் பின்னால ஒரு ஒட்டு. அவ்வளவுதான் அம்மா.”

குர்வா அழவில்லை. ஆனால் உட்காரவும் இல்லை. மதிலோரமாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தாள். ஏம்மா, தலை சுத்துது, ஓர் இடத்துல இருங்களேன் என்று கெட்டதுக்காரன் கத்தினான். அவள் நடந்துகொண்டே இருந்தாள். உள்ளே என்ன நடக்கிறது என்று மதிலின் விரிசல் வழியாகப் பார்த்தாள். பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை, பார்த்து ஆறவும் முடியவில்லை.

உள்ளே வாசலுக்கு மேல் வளைவு கட்டப்போகிறார்கள்.

நமக்கு வளைவு என்று ஒரு சொல் இருக்கிறது, சொல்லிவிட்டோம். அவர்களுக்கு அது இல்லை. வளைவு கட்டுகிறபோது, கற்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்வரை கீழேயிருந்து தாங்க ஒரு மரச்சட்டம் வைக்க வேண்டும். அதன் முதுகு வில் மாதிரி இருக்க வேண்டும். தலைமைக் கொத்தனார் இத்தாலியிலிருந்து வந்த நெல்லோ. அவர் சாரத்தின் மேலே நின்று கத்தினார்.

“மல்ரெக்தா! மல்ரெக்தா சட்டம் ஒண்ணு!”

தச்சர்கள் ஒரு சட்டத்தைச் சுமந்து வந்தார்கள். முழங்கையை மடக்கின மாதிரி நடுவில் ஒரு முனையோடு இருந்தது.

“இது இல்லைய்யா!”

“நேராவா இருக்கு?” என்றார் தச்சர்.

“நேரா இல்லை. ஆனா இது இல்லை!”

அடுத்து வந்தது மின்னல் மாதிரி மூன்று இடத்தில் உடைந்து உடைந்து போனது. அதற்கடுத்து வந்தது நேராகத்தான் இருந்தது. தச்சர் அதைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, இப்போது சரியா என்று கேட்டார். நெல்லோ தன் தொப்பியைக் கழற்றிக் கீழே எறிந்தார். தச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. “நேர் இல்லாத மூணு கொண்டு வந்தாச்சு. இன்னும் எத்தனை விதமா நேர் இல்லாம இருக்கணும்?”

பொழுது போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அந்த முழங்கைச் சட்டத்தையே ஏற்றி வைத்துக் கற்களை அடுக்கினார்கள். ரெக்தா ஓரமாக நின்றாள், நெற்றியில் மல் உட்கார்ந்திருந்தான்.

உச்சிக்கல்லை வைத்ததும் எல்லாமே சரிந்தது.

கீழே சாந்துச் சட்டியோடு ப்ரோனியா என்று ஒரு பெண் நின்றிருந்தாள். கிழக்குத் தேசத்திலிருந்து தனியாக வந்தவள். அதிகம் பேசமாட்டாள். ஒரு கல் அவள் மணிக்கட்டை உரசிக்கொண்டு போய் விழுந்தது. தூசி அடங்கும்போது அவள் கையிலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. எல்லாரும் ஓடிவந்தார்கள். அவள் அவர்களைத் தள்ளிவிட்டு, ரத்தம் ஒழுகுகிற அதே கையைத் தூக்கி, காற்றில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மெதுவாக ஒரு வில்லை வரைந்தாள்.

“இது! இது மாதிரி! இதுக்கு ஒரு வார்த்தை கிடையாதா உங்க ஊர்ல?”

மதில் விரிசலில் கண் வைத்திருந்த குர்வா தன் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். அந்தக் கை போன வழி அவளுடைய முதுகு.

“நான்தாங்க அது!” என்று கத்திக்கொண்டு விதியைத் தாண்டி உள்ளே ஓடினாள். “ஐயா, நான்தான் அது! என்னைத்தான் அவங்க கேக்கறாங்க!”

விதி எழுந்து வந்தார். சரிந்து கிடந்த கற்களைப் பார்த்தார். ப்ரோனியாவின் கையைப் பார்த்தார். அவர் நேர்மையானவர் என்று சொன்னது பொய்யில்லை.

“தப்பு என்னுது,” என்றார். “நேர் இல்லாததுன்னா ஆயிரம் இருக்கு. நீ ஒண்ணு. மல், இறங்குடா.”

மல் ரெக்தாவின் நெற்றியிலிருந்து இறங்கினான். “போச்சு, ஒரு வேலை போச்சு,” என்றான். “பரவாயில்லை, கிழவிங்க இருக்காங்க, குட்டையனுங்க இருக்காங்க. பிழைச்சுக்குவேன்.”

விதி ஒரு கல்லின் மேல் ஏறி நின்றார். “எல்லாரும் கேளுங்க! இந்த அம்மா கை காட்டின குணத்துக்கு இனிமே நம்ம நகரத்துல தனிச் சொல் இருக்கு. அவ பேரு குர்வா!”

நெல்லோ கை தட்டினார்.

பிறகு சாரத்தின் மேலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. காஸ்பெர் என்ற கிழக்குத் தேசத்துக் கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அவர் ஊர்க்காரர்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள்.

“ஐயா, காது கேக்கலை! இன்னொரு தடவை சொல்லுங்க!”

“குர்வா,” என்றார் விதி, தெளிவாக.

அவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். நெல்லோவுக்கு ஒன்றும் புரியவில்லை. “ஏன்யா சிரிக்கறீங்க? எங்க ஊர்லயும் வளைஞ்ச ரோட்டுக்கு அதான்யா பேரு. குர்வா! குர்வா!” என்று கையால் வளைத்து வளைத்துக் காட்டினார். அவர் காட்டக் காட்ட அவர்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

காஸ்பெர் மூச்சு வாங்கிக்கொண்டு கீழே பார்த்தார். “ப்ரோனியா! உன்னைத்தான் கூப்பிடறாங்க. போ போ, நிக்காத.”

கிழக்குத் தேசத்தில் அதே ஓசையில் வேறொரு சொல் இருந்தது. ஒரு பெண்ணை மண்ணோடு மண்ணாக ஆக்க வேண்டும் என்றால் அங்கே ஆண்கள் வாயிலிருந்து எடுக்கிற சொல் அது. லத்தீன் வீட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஓசைதான் ஒன்று.

ப்ரோனியா சாந்துச் சட்டியைக் கீழே வைத்தாள். யாரையும் பார்க்காமல் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நடந்து போனாள்.

குர்வாவுக்கு ஊசியில் நிற்கிற மாதிரி இருந்தது. விதியிடம் ஓடினாள். “என்னங்க ஐயா இது? எனக்கு எதுவும் தெரியாதுங்க. நான் அவ இல்லைங்க.”

விதி தாடையைத் தடவினார். “என் சட்டத்துல தப்பு இல்லம்மா. ஒரு எழுத்துக்கு ஒரு ஓசை. உன் எழுத்தெல்லாம் சரியா இருக்கு, வாலும் சரியா இருக்கு. சிரிப்புக்கு என்கிட்ட சட்டம் இல்லை. நீ தாராளமா இருக்கலாம். நாலு நாள் சிரிப்பான், அப்புறம் ஓய்ஞ்சுடுவான்.”

“நேரா நில்லு அக்கா,” என்றாள் ரெக்தா. “இவ்வளவு போராடி வந்துட்டு எவனோ சிரிக்கிறான்னு குறுகாத. பேர்ல தப்பில்லை. அவன் காதுல தப்பு.”

இரண்டு பேரும் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்ததால்தான் குர்வாவுக்கு இன்னும் இருப்புக் கொள்ளவில்லை. சொந்தப் பெயரோடு ஓர் இடம் வேண்டும் என்று வந்தாள். கிடைத்துவிட்டது. உட்கார வேண்டியதுதான் பாக்கி. கால்கள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போயின.

ப்ரோனியா காயத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். ரத்தம் நின்ற பிறகும் கழுவிக்கொண்டே இருந்தாள்.

“அம்மா, நான் அவ இல்லை,” என்றாள் குர்வா.

“தெரியும்.”

“நான் வில்லு. ஆறு திரும்புற இடம். குழந்தையோட புருவம்.”

“எனக்குத் தெரியும்மா. என் கைதானே உன்னைக் கூப்பிட்டுச்சு.” ப்ரோனியா முந்தானை மாதிரி இருந்த தலைத்துணியின் முனையைக் கிழித்துக் காயத்தைச் சுற்றினாள். “காதுக்குத்தான் தெரியலை. எங்க வீட்டுல கதவு திறக்கிறதுக்கு முன்னாடி அந்த வார்த்தை உள்ள வந்துடும். அதுக்குப் பின்னாலதான் எம்புருஷன் வருவாரு. சோத்துல உப்பு இல்லைன்னாலும் அது. உப்பு இருந்தாலும் அது. என் பேரு ப்ரோனியான்னு எனக்கே மறந்துபோச்சு. இங்க வந்தா அந்தப் பேச்சே கிடையாது, புதுப் பேச்சுன்னு சொன்னாங்க. நடந்தே வந்தேன்.”

குர்வா தொட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

“நாளைக்கு நான் வேலை செய்யணும்ல,” என்றாள் ப்ரோனியா. “கையால காட்டினவ நான்ங்கறதால, வளைஞ்ச சட்டத்தைக் கொண்டாங்கன்னு நான்தான் தச்சருங்களைப் பார்த்துக் கத்தணும். காஸ்பெர் அதுக்காகவே காத்துக்கிட்டு இருப்பான். அவன் சிரிக்கட்டும்னு நான் கத்தினா, என் வாயால நானே என்னைத் திட்டிக்கிட்ட மாதிரி இருக்கும். கத்தாம இருந்தா சட்டம் வராது.” அவள் முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினாள். “நீ என்னம்மா பண்ணுவ? உன் பேரு அதுதானே. நான்தான் வேற ஊரு பாக்கணும்.”

வேற ஊரு என்று அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். குர்வாவுக்கு அது தாங்கவில்லை. வேறு ஊர் பார்த்துப் பார்த்து வந்தவள் அவள்.

பிரெஞ்சுக்காரர்களின் தெருவில் அவளுக்கு ஒரு சின்னம்மா மகள் இருந்தாள். கூர்ப் என்று பெயர். அவளும் வளைந்தவள்தான். நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டு, கண்ணாடி முன்னால் அதிக நேரம் நிற்கிறவள். குர்வா போய்க் கதவைத் தட்டினாள்.

“வா வா. நீ வருவேன்னு தெரியும். ஊரே சிரிக்குதாமே,” என்றாள் கூர்ப்.

“உன் பேர்ல ‘ர்’க்கு அடுத்த நடு எழுத்து எப்படிடி மாறிச்சு? நம்ம வீட்டுல எல்லாருக்கும் ‘வ’தானே?”

“யாருக்குத் தெரியும்? எங்க பக்கம் எப்பவோ மாறிப்போச்சு. யாரும் ஒப்பாரி வைக்கலை.” கூர்ப் கண்ணாடியைப் பார்த்தபடி உதட்டைக் காட்டினாள். “இங்க பாரு. ‘வ’ன்னா அந்த ஜனங்களுக்கு மேல்பல்லு கீழ் உதட்டைக் கடிக்கணும். ‘ப’ன்னா உதட்டை மூடித் திறந்தா போதும். பல்லே வேண்டாம். வேணும்னா எடுத்துக்கோ, என்கிட்ட அது தேயாது. ஆனா ஒண்ணு, போட்டுக்கிட்டுப் போய் இத்தாலித் தெருவுல நின்னா உன்னை உங்க அக்கா தங்கச்சிக்கே அடையாளம் தெரியாது. அப்புறம் என்கிட்ட வந்து புலம்பாத.”

குர்வா அந்த எழுத்தைக் கையில் வாங்கினாள். கனமே இல்லை. வழியில் நடந்துகொண்டே போட்டுப் பார்த்தாள். கழற்றினாள். மறுபடி போட்டாள். ஒரு கையில் இருந்தது லத்தீன் வீட்டில் அம்மா அவளைக் கூப்பிட்ட எழுத்து. இன்னொரு கையில் இருந்தது கூர்ப் கொடுத்தது. பெயருக்காகச் சண்டை போட்டு வந்தவள், வந்த அன்றைக்கே பெயரை மாற்றுகிறாள் என்று மல் ஊரெல்லாம் சொல்லுவான். வாசல் வரைக்கும் இரண்டு எழுத்தும் இரண்டு கையில் இருந்தன.

மறுநாள் வேலை ஆரம்பிக்கும்போது அவள் விதியின் முன்னால் போய் நின்றாள்.

“ஐயா, என் பேரு குர்பா.”

விதி அவளை மேலும் கீழும் பார்த்தார். “ஓர் எழுத்துக்கு ஓர் ஓசை. வாலும் சரி. எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா நான் கேக்கலையேம்மா.”

“நீங்க கேக்கலைங்க.”

ரெக்தாவுக்குக் கோபத்தில் குரல் உடைந்தது. “என்னை இல்லாதவளாக்காதன்னு நேத்து அவ்வளவு பேசினியே. இன்னிக்கு அவனுக்குப் பயந்து நீயே விட்டுட்டியே அக்கா!”

“அவனுக்காக இல்லடி.”

“பின்ன யாருக்காக?”

“அந்தப் பொண்ணுக்கு என்னைச் சொல்ல வாய் வரணும். சொல்ல முடியாத சொல்லா உள்ள உட்கார்ந்து நான் என்ன பண்ண? மதிலுக்கு வெளியேயே இருந்திருக்கலாமே.” கொஞ்சம் நிறுத்தினாள். “நீ நேரா நில்லுன்னு சொன்ன. சரிதான். எனக்கு நிக்க வராதுன்னு உனக்குத் தெரியும். வளையத்தான் வரும். வளைஞ்சுக்கிட்டேன்.”

ரெக்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அழுவதை யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கும் பார்க்க விடவில்லை.

சாரத்தின் மேலே காஸ்பெர் தயாராக இருந்தார். தன் ஊர்க்காரர்களைப் பார்த்துக் கண் சிமிட்டினார். கீழே ப்ரோனியா சாந்துச் சட்டியோடு நின்றாள். துணி சுற்றின கையால் சட்டியை இறுக்கிப் பிடித்திருந்தாள். குர்பா அவள் காதோடு போய்த் தன் பெயரைச் சொன்னாள்.

ப்ரோனியா அவளைப் பார்த்தாள். உதட்டை மூடினாள். திறந்தாள். சத்தம் வராமல் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தித் தச்சர்களைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினாள்.

“குர்பா! குர்பா சட்டம் ஒண்ணு!”

நேற்று அந்தக் கை போன வழியைப் பார்த்திருந்த தச்சர்களுக்கு இந்த முறை சந்தேகமே வரவில்லை. அவர்கள் தூக்கி வந்த சட்டத்தின் முதுகு வில் மாதிரி இருந்தது. நெல்லோ அதைப் பார்த்துத் தொப்பியை மறுபடி கழற்றினார், எறியவில்லை. காஸ்பெர் வாயைத் திறந்தபடி கொஞ்ச நேரம் காத்திருந்தார். சிரிப்பதற்கு ஒன்றும் வரவில்லை. வாயை மூடிக்கொண்டு கல்லை எடுத்தார்.

கற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. இரண்டு பக்கத்திலிருந்தும் வளைந்து வந்து நடுவில் சந்தித்தன. உச்சிக்கல்லை வைத்துச் சட்டத்தை உருவினார்கள். ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பொட்டு மண்கூட உதிரவில்லை.

அன்றைக்கெல்லாம் ப்ரோனியா அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். சட்டியின் விளிம்பைக் காட்டி, கயிற்றின் தொய்வைக் காட்டி, பறவை ஒன்று திரும்பிப் பறந்ததைக் காட்டி. ஒவ்வொரு தடவையும் உதட்டை மூடித் திறந்து, பல் படாமல் சொன்னாள். குர்பா அவள் பின்னாலேயே நடந்தாள். உட்கார இடம் கிடைத்த பிறகும் உட்காரவில்லை.

“வலிச்சுதா?” என்று ப்ரோனியா அவளைக் கேட்டாள்.

“எது?”

“எழுத்தைக் கழட்டினப்போ.”

“வலிச்சுது,” என்றாள் குர்பா. “இத்தாலித் தெரு வழியா வந்தேன். நெல்லோவோட தங்கச்சி ஜன்னல்ல நின்னு யாரோன்னு பார்த்தா. என்னைச் சொல்லிச் சொல்லி வளர்ந்த பொண்ணு அவ.”

ப்ரோனியா தன் கையை அவள் முதுகின் மேல் வைத்தாள்.

நகரம் வளர்ந்தது. வெளியூர்ப் படிப்பாளிகள் வந்தபோது, இவள் அக்கா தங்கைகளுக்கெல்லாம் ‘வ’ இருக்க இவளுக்கு மட்டும் ஏன் ‘ப’ என்று கேட்டார்கள். பிரெஞ்சு உறவு என்றார் ஒருவர். காது கூசாமல் இருக்க என்றார் இன்னொருவர். ஒருவருக்கொருவர் சிரித்துப் பேசிக்கொண்டு போய்விட்டார்கள். குர்பாவை யாரும் கேட்கவில்லை.

அதெல்லாம் பிறகு. வளைவு முடிந்த அன்று அதன் கீழே முதலில் நடந்து போனவர் காஸ்பெர். கையை வீசிக்கொண்டு, சீட்டியடித்துக்கொண்டு போனார். வாசலில் விதி உட்கார்ந்திருந்தார். ஒரு சொல்லுக்கு வாலை மாற்றினார், இன்னொரு சொல்லை நிறுத்தி விசாரித்தார்.

காஸ்பெரிடம் மட்டும் ஓர் எழுத்தைக்கூட மாற்றச் சொல்லவில்லை.